சொல் விளக்கம்: மூலநிரல்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு ரவுட்டர் வாங்கினால், பெட்டிக்குள் பொடி எழுத்தில் அச்சிட்ட தாள் ஒன்று இருக்கலாம். உள்ளே லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுகிறது, அதன் சோர்ஸ் கோட் வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறோம் என்பதே அதன் சாரம். அந்த சோர்ஸ் கோடுக்கு, அதாவது மென்பொருளை எழுதியவர்கள் எழுதிய கட்டளை வரிகளுக்கு, தமிழில் மூலநிரல்.

நிரல் பழைய சொல். வரிசை, ஒழுங்கு என்று பொருள். இலக்கணம் படித்தவர்களுக்கு நிரல்நிறை நினைவிருக்கும். கணினிக்கு ஒன்றன்பின் ஒன்றாக இடும் கட்டளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. மூலம் வடமொழிவழி வந்தது, வேர் என்று பொருள். பழைய பதிப்புகளின் முகப்பில் 'மூலமும் உரையும்' என்று இருக்குமே, அதே மூலம்தான். ஆங்கிலச் சொல்லின் பின்பாதியான கோட், லத்தீன் கோடெக்ஸிலிருந்து வந்தது: முதலில் மரத்தண்டு, பிறகு எழுதும் பலகை, பிறகு சட்டத் தொகுப்பு. மூலக் குறிமுறை என்று எழுதுவோரும் உண்டு, தவறில்லை.

சரி, எது மூலநிரல்? லினக்ஸ் போன்ற திறந்த மூல (ஓப்பன் சோர்ஸ், எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய) மென்பொருள்கள் பல வெளியாவது ஜிபிஎல் என்ற உரிமத்தில். 1991இல் வந்த அதன் 2ஆம் பதிப்பு மூலநிரலைத் தெளிவாக வரையறுக்கிறது: ஒரு மென்பொருளைத் திருத்துவதற்கு எந்த வடிவம் உகந்ததோ, அதுவே. அதைக் கணினியில் ஓடும் வடிவமாகத் தொகுக்கவும் நிறுவவும் பயன்படும் ஸ்கிரிப்டுகளும் (சிறு கட்டளைக் கோப்புகள்) அதில் அடங்கும். இந்த உரிமமுள்ள மென்பொருளை மற்றவருக்கு விநியோகித்தால் மூலநிரலைக் கூடவே கொடுக்க வேண்டும். அல்லது கேட்பவர் எவருக்கும் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டுகள் செல்லுபடியாகும் எழுத்துமூல உறுதி கொடுக்க வேண்டும். நகலெடுத்து அனுப்பும் செலவுக்கு மேல் அதற்குப் பணம் கேட்கக் கூடாது. அலுவலகத்துக்குள்ளேயே பயன்படுத்தினால் இந்தக் கடமை இல்லை. எம்ஐடி, பிஎஸ்டி என்ற வேறு திறந்த மூல உரிமங்கள் மூலநிரலைக் கொடுக்கச் சொல்வதில்லை. பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்தால் போதும்.

இந்தக் கடமைக்கு நான் கடப்பாடு என்றே எழுதுகிறேன். கைம்மாறு கருதாமல் பெய்யும் மழைக்குக் குறளில் வரும் சொல் அது.

கொழும்பில் முன்பு நான் வேலைசெய்த இடத்தில், கடைகளுக்கு விற்ற பில் இயந்திரத்தில் ஜிபிஎல் மென்பொருள் ஒன்றை மாற்றிப் போட்டிருந்தோம். வாங்கிய கடைக்காரர் ஒருவர் மூலநிரல் கேட்டார். "ஓப்பன் சோர்ஸ்தானே, நெட்டில் கிடக்கிறது, எடுக்கச் சொல்லு" என்றார்கள் அலுவலகத்தில். நெட்டில் கிடந்தது மற்றவர்கள் எழுதியது. நாங்கள் மாற்றியது எங்கள் கணினியில் மட்டும்தான் இருந்தது. திறந்த மூலத்தை 'இலவச மென்பொருள்' என்று சொல்லிப் பழகியதால் வந்த வினை இது என்று இன்றும் நினைக்கிறேன். இலவசம் என்றதும் கொடுக்க வேண்டியது மறந்துபோகிறது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பதிப்புரிமை தருகிறது. அந்த உரிமையுள்ளவர் விதித்த நிபந்தனையைத்தான் நாங்கள் மீறிக்கொண்டிருந்தோம்.