ஆர்த்தோடான்டிஸ்ட்: நேராக்குபவரா, சீராக்குபவரா?

'கிளிப் போடுற டாக்டர்' என்றால் எல்லோருக்கும் புரிகிறது. ஆர்த்தோடான்டிஸ்ட் என்று சொல்லிப் பாருங்கள், எலும்பு டாக்டரா என்று திருப்பிக் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, 'ஆர்த்தோ' என்றாலே எலும்பு என்றுதான் நம் காது பழகியிருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லில் எலும்பே கிடையாது. கிரேக்கத்தில் 'ஆர்த்தோஸ்' என்றால் நேரானது, சரியானது. 1741இல் நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் அதோடு குழந்தையைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து, குழந்தைகளின் உடல் கோணலைத் திருத்தும் கலைக்கு ஆர்த்தோபீடி என்று பெயர் வைத்தார், அது பிறகு எலும்பு மருத்துவத்துக்கே பெயராகிவிட்டது. நம்ம சொல்லின் பின்பாதி 'ஓடோன்ட்', அதாவது பல். யானைத் தந்தம் என்கிறோமே, அந்த வடமொழித் 'தந்த'மும் இந்த 'ஓடோன்ட்'டும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

சரி, தமிழில்? பல் நேராக்கும் மருத்துவர் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. பற்சீரமைப்பு மருத்துவர் என்பதுதான் பொருத்தம், ஏனென்றால் பல் ஒவ்வொன்றும் நேராக நின்றாலும் கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதம், தப்பாக இருக்கலாம். கண்ணாடி முன் நின்று கடைவாய்ப் பற்களைச் சேர்த்துக் கடித்தபடி உதட்டை விலக்கிப் பாருங்கள்: மேல்வரிசை கீழ்வரிசையை டப்பா மூடி மாதிரி லேசாக வெளிப்பக்கம் மூடியிருக்க வேண்டும். முன்பல் எதுவும் கோணாமலே கீழ்வரிசை வெளியே துருத்தி நிற்பவர்கள் உண்டு. எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1899இல் கடிக்கோளாறுகளை மூன்று வகையாகப் பிரித்தபோது முன்பல்லை அளவுகோலாக எடுக்கவில்லை, மேலும் கீழும் உள்ள முதல் பெரிய கடைவாய்ப் பற்கள் எப்படிப் பொருந்துகின்றன என்பதைத்தான் எடுத்தார். இன்றும் அந்த வகைப்பாடு புழக்கத்தில் இருக்கிறது. சீரமைப்பில் இருக்கும் 'சீர்' செய்யுளிலும் உண்டு, அங்கே சீரும் சீரும் சேரும் கட்டுக்குத் தளை என்று பெயர், தளை என்றால் விலங்கும்தான். கம்பி கட்டிய வாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

கம்பி பல்லை ஆணி மாதிரி பிடுங்கி நகர்த்துவதில்லை. மெல்ல அழுத்துகிறது, அழுத்தம் விழும் பக்கத்தில் தாடை எலும்பு கரைகிறது, எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது, பல் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நகர்கிறது. இறுக்கிக் கட்டினால் சீக்கிரம் முடியும் என்பது தப்பு. கம்பியைக் கழற்றிய பிறகு, பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கும் ரீடெய்னர் போடாவிட்டால் பல் பழைய இடத்தைத் தேடிப் போகப் பார்க்கும்.

பல் மருத்துவர் எல்லோரும் ஆர்த்தோடான்டிஸ்ட் இல்லை, பல் மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு இந்தப் பிரிவில் மட்டும் இன்னும் இரண்டு மூன்று வருடம் படித்தவருக்குத்தான் அந்தப் பெயர். கம்பிக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத அலைனர் (கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை) போடுவதாக இருந்தாலும் 'இதைத் தனியாகப் படித்தீர்களா' என்று கேட்டுவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. அப்புறம், கேட்கும்போது 'பல் கட்டணும்' என்று சுருக்கிவிடாதீர்கள். தமிழில் அது விழுந்த பல்லுக்குப் பதிலாகப் பொய்ப்பல் வைப்பது. உங்களுக்கு வேண்டியது பல்லுக்குக் கம்பி கட்டுவது.