ரிப்பேருக்கு வருவது பெடல், கோளாறு இருப்பது பலகையில்

போன மழைக்காலத்தில் கிட்டார் வாசிக்கிற ஒரு தம்பி டிலே பெடல் ஒன்றைக் கொண்டுவந்தார், வாசித்ததை எதிரொலி மாதிரித் திரும்ப ஒலிக்கவைக்கும், காலால் மிதித்து இயக்கும் சின்னப் பெட்டி அது. வாசித்துக்கொண்டிருக்கும்போது சத்தம் விட்டுவிட்டு வருகிறது, காலால் ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடுகிறது என்றார். அடிமூடியைக் கழற்றி, கேபிள் செருகும் ஜாக்கின் கால்கள் சர்க்யூட் போர்டில் பற்றவைக்கப்பட்ட இடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஈயப் பொட்டைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு கறுப்பு வளையம். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துக் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் அதே பெடல் திரும்ப வந்தது, அதே இடத்தில் அதே வளையம். "பெடலை மட்டும் இல்ல தம்பி, அதை மாட்டி வச்சிருக்கிற பலகையோட கொண்டு வாங்க" என்றேன்.

வந்தது 6 மில்லிமீட்டர் ப்ளைவுட். நடுவில் ஒரு தாங்கலும் கிடையாது, நான்கு மூலையிலும் ரப்பர் பொத்தான் மட்டும். நடுவில் இருக்கும் பெடலை மிதித்தால் பலகை வில் மாதிரி உள்வாங்கியது, ஒரு பெடலை அடுத்த பெடலோடு இணைக்கும் குட்டைப் பேட்ச் கேபிளின் பிளக் இரண்டும் அப்படியே ஜாக்கை நெம்பின. ஒரு கச்சேரியில் எத்தனை தடவை மிதிப்போம்? அத்தனை தடவையும் அந்த ஈயப் பொட்டு ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆர்கெஸ்ட்ராவிலும் சர்ச்சிலும் கல்யாண ரிசப்ஷனிலும் வாசிக்கிற பிள்ளைகள் பெடலுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள், அதைத் தாங்கும் பலகைக்கு மட்டும் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள். என் மேசைக்கு வருகிற பெடல்களில் பல உண்மையில் கெட்டுப்போனவை அல்ல, பலகையும் மின்சாரமும் சேர்ந்து கெடுத்தவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பலகையின் அளவு. "18 இஞ்ச் போர்டில் ஒரு வரிசைக்கு 5 பெடல் வைக்கலாம்ல அண்ணா" என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாஸ் (Boss) கம்பெனியின் சின்ன பெடல் ஒன்று 73 மில்லிமீட்டர் அகலம், ஐந்துக்கு 365. ஜாக் பக்கவாட்டில் இருப்பதால் இரண்டு பெடலுக்கு நடுவே மடக்கு பிளக் போய் வர சுமார் 25 மில்லிமீட்டராவது வேண்டும், நான்கு இடைவெளிக்கு 100. மொத்தம் 465. 18 இஞ்ச் என்பது 457தான். ஆக ஐந்தாவது பெடல் விளிம்பைத் தாண்டும், அதற்கு வெளியே கிட்டார் கேபிளின் பிளக் வேறு நீட்டிக்கொண்டிருக்கும், இருட்டில் யாராவது ஒருவர் கால் அதில் படும். வீட்டில் பழைய நியூஸ்பேப்பரைத் தரையில் விரித்து, பெடல்களைப் பிளக்கோடு அடுக்கி, சுற்றிக் கோடு போட்டு அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். சிக்னல் வலப்பக்கம் நுழைந்து இடப்பக்கம் வெளியேறும் என்பதையும் மறக்க வேண்டாம், காலால் முன்னும் பின்னும் ஆட்டி 'வா வா' என்று ஒலிக்கவைக்கும் வா பெடலைப் பெரும்பாலும் வலக்கோடியில் வைப்பது அதனால்தான்.

அந்த வா பெடல்தான் பலகைக்கு உண்மையான பரீட்சை. மற்றவற்றைத் தட்டிவிட்டுக் காலை எடுத்துவிடுவோம், வா பெடலில் மட்டும் உடம்பு எடையில் பாதியை ஏற்றி முன்னும் பின்னும் ஆட்டுவோம். கடையில் போர்டைத் தரையில் வைத்து, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, வா இருக்கப்போகும் இடத்தில் ஒரு காலை அழுத்தி நின்று பாருங்கள். உள்வாங்கினால் வேண்டாம். எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி அழுத்துங்கள், லொடலொடவென்று ஆடினாலும் வேண்டாம். மண்டபத்து டைல்ஸ் தரையில் அது நகர்ந்துகொண்டே போகும். அப்புறம், அலுமினிய போர்டு என்றால் பட்டைகளின் அடிப்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். வெட்டிய விளிம்பை ராவாமல் விட்டிருந்தால் கூராக இருக்கும், அடியில் போகிற கேபிளின் தோலை ஆறே மாதத்தில் அறுத்துவிடும்.

அலுமினியமா மரமா என்று கேட்டால் நான் அலுமினியம் என்றுதான் சொல்வேன். பட்டைகளுக்கு இடையில் சந்து இருக்கும், கேபிள் கீழே இறங்கிப் போகும், எடையும் குறைவு. கையில் காசு குறைவென்றால் நல்ல 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டே போதும், அடியில் நீளவாக்கில் இரண்டு மரச்சட்டம் அடித்துவிட்டால் வளையாது. அமுக்கிய மரத்தூள் பலகை மட்டும் வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் ஓரம் உப்பித் திருகு பிடிக்காமல் போய்விடும்.

தூக்கிக்கொண்டு போவதையும் யோசிக்க வேண்டும். சின்ன பெடல் ஒன்று சுமார் 400 கிராம், நான்கு இருந்தால் 1.6 கிலோ. டன்லப் க்ரை பேபி மாதிரி ஒரு வா 1.7 கிலோ. பலகை, பவர் சப்ளை, கேபிள், பை எல்லாம் சேர்ந்தால் 6 கிலோவைத் தொட்டுவிடும். உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்கு வழக்கமாக விடுகிற 7 கிலோவுக்குள் இவ்வளவுதான் அடங்கும். பைக்கிலும் பஸ்ஸிலும் போகிறவருக்குத் தடித்த ஸ்பாஞ்ச் வைத்த தோள்பை போதும். ஸ்பீக்கர் பெட்டிகளோடு வேனில் ஏற்றுகிறவர்கள் கட்டாயம் கெட்டிப் பெட்டி வாங்குங்கள், மூடியபின் மூடிக்கும் குமிழ்களுக்கும் நடுவே ஒரு விரல் இடமாவது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குமிழை அழுத்தி மூடிய பெட்டி, மேலே ஏறிய பாரம், குமிழுக்கு அடியில் உடைந்துபோன பொட்டன்ஷியோமீட்டர் என்று எத்தனையோ வந்திருக்கின்றன.

மின்சாரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, பிளக்கின் நடுமுனை மைனஸ். பல கீபோர்டுகளின் அடாப்டர் 12 வோல்ட், நடுமுனை பிளஸ். பிளக் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், சில நேரம் சரியாகப் பொருந்தவும் செய்யும். அடாப்டரை மறந்துவிட்டு வந்த நாளில் கீபோர்டுக்காரரிடம் கடன் வாங்கிச் செருகி, அந்த நொடியே பெடல் செத்துப்போய் என்னிடம் வந்தவர்கள் உண்டு. உள்ளே காப்பு டையோடு இருந்தால் அது தன்னைக் கொடுத்துப் பெடலைக் காப்பாற்றும், மாற்ற சில ரூபாய்தான். இல்லாவிட்டால் ஐசியே போய்விடும். அடாப்டரில் அச்சடித்திருக்கும் அந்தச் சின்ன வட்டக் குறியைப் படித்துவிட்டுச் செருகுங்கள், தயவுசெய்து.

அடுத்தது, ஒரே அடாப்டரிலிருந்து சரம் மாதிரி எல்லாப் பெடலுக்கும் பிரித்துக் கொடுப்பது. சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலில் பழைய மாதிரி அனலாக் ஒன்றுக்கு சில மில்லி ஆம்பியர் போதும், அப்படி மூன்று நான்கு மட்டும் இருந்தால் சரம் நன்றாகவே வேலை செய்யும். பெரிய மண்டபத்தில் வாசிப்பது மாதிரி ஒலிக்கவைக்கும் பெரிய டிஜிட்டல் ரிவெர்ப் ஒன்றே 300 மில்லி ஆம்பியர் கேட்கும். அதையும் டிஸ்டார்ஷனையும் ஒரே சரத்தில் கோர்த்தால், டிஜிட்டலின் கீச்சு டிஸ்டார்ஷனுக்குள் நுழைந்து பெரிதாகி வெளியே வரும். ஒவ்வொரு முனையும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும் ஐசொலேட்டட் பவர் சப்ளை விலை கூடத்தான், ஆனாலும் இன்னொரு பெடல் வாங்க வைத்திருக்கும் காசில் முதலில் இதை வாங்குங்கள். போர்டின் அடியில் அது உட்கார உயரம் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். அதில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் வா பெடலுக்கு நேர் கீழே பொருத்த வேண்டாம், வாவின் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் அதன் உறுமலை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

பெடலைப் பலகையில் நிறுத்த வெல்க்ரோ ஒட்டுவதற்கு முன் பெடலின் அடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். ரப்பர் அடி உள்ள பெடல்களில் பசை நிற்காது, வெயிலில் நின்ற காருக்குள் இருந்தால் இளகி வழியும். ரப்பரைப் பிய்க்க மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. பழைய சைக்கிள் செயினிலிருந்து கண்ணிகளைக் கழற்றி, ஒரு துளையை அடிமூடியின் திருகிலும் மறு துளையைப் பலகையிலும் மாட்டி முடுக்கிவிடலாம். அந்தத் தம்பியின் டிலேயை இரண்டாவது தடவை ஈயம் வைத்தபிறகு இப்படித்தான் மாட்டிக் கொடுத்தேன், சட்டம் அடித்த 12 மில்லிமீட்டர் பலகையில். பேட்ச் கேபிளையும் கொஞ்சம் தளர்வாக, விறைப்பில்லாமல் விட்டிருக்கிறேன். உங்கள் கேபிள் ஏதாவது இரண்டு பெடலுக்கு நடுவே கம்பி மாதிரி விறைத்து நின்றால் இன்றைக்கே அரை அடி கூடுதலாக உள்ள ஒன்றை மாற்றிவிடுங்கள்.