லென்ஸ் திருத்தம்: ஒரு டிக்கில் மூன்று வேலைகள்

ரா கோப்பை (கேமரா பதப்படுத்தாமல் தருகிற மூலப் படக் கோப்பு) மென்பொருளில் திறந்ததும் பலர் செய்கிற முதல் வேலை, லென்ஸின் குறைகளைத் திருத்தும் அளவுகள் அடங்கிய லென்ஸ் புரொஃபைல் என்ற கட்டத்தில் ஒரு டிக் போடுவதுதான். படம் சற்று அசைந்து நேராகும், மூலைகள் வெளிச்சமாகும், 'சரியாகிவிட்டது' என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். பிறர் எடுத்த படங்களைத் திருத்திக் கொடுப்பதும் என் தொழிலின் ஒரு பகுதி என்பதால், அந்த ஒற்றை டிக் என்னென்ன செய்துவைக்கிறது என்பதை அடிக்கடி பார்க்கிறேன். அதற்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று திருத்தங்கள் இருக்கின்றன. ஒன்று ஏறக்குறைய இலவசம். மற்ற இரண்டுக்கும் படம் விலை கொடுக்கிறது. எந்தப் படத்துக்கு எது தேவை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இலவசமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெண்மையான வானத்தின் முன்னே ஒரு காய்ந்த கிளை நிற்கிற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் மூலையை 200 சதவீதம் பெரிதாக்கினால், கிளையின் ஒரு பக்கம் மெல்லிய சிவப்புக் கோடும், மறுபக்கம் பச்சையும் நீலமும் கலந்த கோடும் தெரியும். ஒவ்வொரு நிறத்தையும் லென்ஸ் சற்றே வெவ்வேறு அளவில் உருப்பெருக்குவதால் வருகிற நிறப்பிறழ்ச்சி இது. மையத்தில் இருக்காது, ஓரம் போகப் போகக் கூடும். பச்சையை அப்படியே வைத்துக்கொண்டு சிவப்பு, நீல அடுக்குகளைத் துளியளவு விரித்தோ சுருக்கியோ பொருத்திவிட்டால் கோடுகள் மறைந்துவிடும். இழப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை, படம் கூர்மையாகக்கூடச் செய்யும். ஆகவே இதை எப்போதும் போட்டுவையுங்கள்.

ஆனால் இதன் பங்காளி ஒன்று உண்டு. பெரிய அப்பர்ச்சரில் (லென்ஸில் ஒளி புகும் துளை) எடுக்கும்போது, குவியத்துக்கு முன்னால் இருப்பவற்றின் விளிம்பில் ஊதாவும் பின்னால் இருப்பவற்றில் பச்சையும் படியும். இது படத்தின் மையத்திலும் வரும், புரொஃபைலுக்குக் கட்டுப்படாது. இதற்கென்று தனியாக இருக்கிற ஊதா விளிம்பு நீக்கியைத்தான் பயன்படுத்த வேண்டும். அதைத் தாராளமாக இழுத்துவிட்டால், உண்மையிலேயே ஊதாவாக இருக்கிற பூவிதழின் ஓரமும் சாம்பலாகிவிடும். முடிந்தவரை அந்த இடத்தில் மட்டும் தூரிகையால் தடவுவது நல்லது.

இரண்டாவது, மூலை இருட்டு. விக்னெட்டிங் என்று நாம் சொல்வது. எளிய லென்ஸ் ஒன்றில், ஒளி எந்தக் கோணத்தில் வருகிறதோ அந்தக் கோணத்தின் கொசைனின் நான்காம் அடுக்கு அளவுக்கு ஓரத்தின் வெளிச்சம் குறைகிறது. முழுச்சட்டக சென்சாரில் (36 × 24 மி.மீ. அளவுள்ளது) 24 மி.மீ. லென்ஸின் மூலைக் கோணம் சுமார் 42 பாகை. கணக்குப் போட்டால் மையத்தின் வெளிச்சத்தில் 30 சதவீதம்தான் மூலைக்கு வந்துசேரும். லென்ஸ் குழலின் விளிம்பு மறைப்பதால் வரும் இருட்டு இதற்கு மேல். பின்னது அப்பர்ச்சரைச் சிறிதாக்கினால் குறையும், முன்னது குறையாது. வடிவமைப்பாளர்கள் இதைச் சமாளிக்கப் பல வழிகளைக் கையாள்கிறார்கள் என்றாலும், முழுதாகத் தப்பித்த அகலக்கோண லென்ஸ் அரிது.

மென்பொருள் என்ன செய்கிறது? மூலையில் இருக்கிற எண்களைப் பெருக்குகிறது, அவ்வளவுதான். இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சத்தை இரட்டிப்பாக்குவது) தூக்க வேண்டுமென்றால் நான்கால் பெருக்க வேண்டும். சமிக்ஞை நான்கு மடங்காகும்போது படத்தில் புள்ளிகளாகத் தெரிகிற இரைச்சலும் கூடவே நான்கு மடங்காகும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு எண்) 1600-இல் எடுத்த படத்தின் மையம் 1600-ஆகவே இருக்க, மூலை மட்டும் 6400-இல் எடுத்தது போலாகிவிடுகிறது. பகலில் எடுத்த நிலக்காட்சியில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். இரவு வானத்தை எடுத்தவர் நிழல் பகுதியையும் தூக்கி, புரொஃபைலையும் போட்டால், மூலைகளில் புள்ளிபுள்ளியாக வண்ணம் தெறித்து நிற்கும். 'சென்சார் பழுதோ' என்று கேட்டு எனக்கு வந்த கோப்புகளில் பல இந்த வகைதான்.

உருவப்படத்துக்கு மூலை இருட்டு கெடுதலே இல்லை. முகத்தை நோக்கிக் கண்ணை இழுப்பதற்காகப் பலர் செயற்கையாகவே இருட்டைச் சேர்க்கிறார்கள். மென்பொருளின் முதல் பலகையில் இருட்டை நீக்கிவிட்டு, கடைசிப் பலகையில் இருட்டைப் பூசுகிற படங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். லைட்ரூம் என்ற திருத்த மென்பொருளில் புரொஃபைலுக்குக் கீழே இருக்கிற இரண்டு இழுவைகள் 0-இலிருந்து 200 வரை போகும், 100 என்பது புரொஃபைல் சொல்கிற அளவு. விக்னெட்டிங் இழுவையை நான் பெரும்பாலும் பாதியில் வைக்கிறேன். சமதளச் சுவர், ஓவியத்தை நகலெடுப்பது, தொடர்படங்களை ஒட்டி அகலக்காட்சி செய்வது, இவற்றுக்கு மட்டும் முழு அளவு. ஒட்டும் படங்களில் மூலை இருட்டு மிச்சமிருந்தால் வானத்தில் பட்டைபட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவதுதான் அதிகம் யோசிக்க வேண்டியது: கோடுகளின் வளைவு. வெளியே புடைத்தால் பீப்பாய் வளைவு, உள்ளே குழிந்தால் ஊசிமெத்தை வளைவு, நடுவில் புடைத்து ஓரத்தில் திரும்பினால் மீசை வளைவு. கடலின் தொடுவானம் சட்டகத்தின் நட்டநடுவே போனால் வளைவே தெரியாது. அதே கோடு மேல் விளிம்பின் அருகே போனால் வில்லாக வளையும். கட்டடம், தொடுவானம், அலமாரி போன்றவற்றுக்குத் திருத்தம் அவசியம். காடு, மலை, மேகம் ஆகியவற்றில் நேர்கோடே இல்லை, வளைவு யாருக்கும் தெரியப்போவதில்லை. திருத்தினாலோ மூலையில் இருக்கிற பிக்சல்கள் இழுபடும், இடைவெளியை நிரப்பப் புதிய பிக்சல்களைக் கணக்கிட்டுப் போட வேண்டிவரும், கூர்மை சற்று மங்கும், சட்டகத்தின் விளிம்பும் கொஞ்சம் போகும். விளிம்பை ஒட்டி ஏதாவது வைத்து எடுப்பவர்கள் எடுக்கும்போதே இடம் விட்டுவைக்க வேண்டும்.

குழுப்படம்தான் இதில் பெரிய பொறி. நேர்கோட்டை நேராகவே காட்டும் லென்ஸ், ஓரத்தில் இருக்கிற உருண்டையான பொருளை வெளிப்புறமாக இழுத்துக் காட்டும். லென்ஸ் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இது நடக்கும், ஏனென்றால் இது வடிவகணிதம். 24 மி.மீ. முழுச்சட்டகத்தில் இடது, வலது விளிம்பில் ஒரு பந்து இருந்தால், அதன் அகலம் உயரத்தைவிட 25 சதவீதம் கூடுதலாக விழும். பந்துக்குப் பதில் உறவினரின் தலை இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. லென்ஸில் இயல்பாக இருக்கிற பீப்பாய் வளைவு, ஓரத்தை அமுக்குவதால் இந்த இழுப்பைக் கொஞ்சம் தணிக்கிறது. நாம் திருத்தம் போட்டு அந்தத் தணிப்பையும் எடுத்துவிடுகிறோம். அகலக்கோணத்தில் எடுத்த குழுப்படத்தில் வளைவுத் திருத்தத்தை 0-க்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஓரத்தில் நிற்பவர்கள் இளைத்துவிடுவார்கள். பின்னால் நேரான தூண்களோ சன்னல்களோ இருந்தால் இரண்டுக்கும் நடுவில் சமரசம் செய்ய வேண்டும்.

அண்ணாந்து எடுத்த கட்டடம் பின்னால் சாய்ந்து நிற்பது இதில் சேராது. அது கேமராவைச் சாய்த்ததால் வந்த தோற்றம், லென்ஸின் குறையல்ல. வளைவைத் திருத்திய பிறகே சாய்வை நிமிர்த்துங்கள்.

'அப்படியானால் எல்லாவற்றையும் அணைத்துவிடலாமா?' என்று கேட்பவர்களுக்கு: எல்லா லென்ஸிலும் முடியாது. 2008-இல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற கேமரா-லென்ஸ் முறையைக் கொண்டுவந்தபோதே, வளைவுத் திருத்தக் குறிப்புகள் ரா கோப்புக்குள் சேர்ந்து வரத் தொடங்கின. மென்பொருள் அதைப் படித்துத் தானாகவே திருத்திவிடும். கண்ணாடியில்லாத (மிரர்லெஸ்) கேமராக்களுக்கு இன்று வருகிற சிறிய லென்ஸ்கள் பலவற்றின் வடிவமைப்பிலேயே இந்தத் திருத்தமும் ஒரு பாகம். லென்ஸுக்குள் இருக்கிற கண்ணாடிகளைக் குறைத்து, எடையையும் அளவையும் குறைத்து, மிச்சமிருக்கும் வளைவை மென்பொருளிடம் விட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட லென்ஸைத் திருத்தமில்லாமல் பார்த்துவிட்டு 'மோசமான லென்ஸ்' என்று தீர்ப்பெழுதுவது நியாயமல்ல. வாங்கும் முன் அதன் திருத்தியபின் மூலைக் கூர்மையைப் பாருங்கள், அதுதான் உங்கள் கைக்கு வரப்போகிறது.

புரொஃபைல் சரியானதுதானா என்றும் ஒருமுறை பார்க்க வேண்டும். கோப்பில் பதிவாகிற லென்ஸ் எண்ணை வைத்துத்தான் மென்பொருள் அடையாளம் காண்கிறது. ஒரே எண்ணை வெவ்வேறு நிறுவன லென்ஸ்கள் பகிர்ந்துகொள்வது உண்டு, அப்போது வேறொரு லென்ஸின் திருத்தம் உங்கள் படத்தில் ஏறும். மின்தொடர்பு இல்லாத பழைய லென்ஸில் எந்த அப்பர்ச்சர் என்பதே பதிவாகாது, நீங்கள் கையால் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்தாலும் மூலை வெளிச்சம் ஊகம்தான். கேமரா தந்த ஜேபெக் படத்தில் திருத்தம் பெரும்பாலும் முன்பே முடிந்திருக்கும். அதன் மேல் இன்னொரு முறை போட்டால் பீப்பாய் போய் ஊசிமெத்தை வரும். டார்க்டேபிள், ராதெரபி போன்ற கட்டற்ற மென்பொருள்கள் லென்ஸ்ஃபன் என்ற பொதுத் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகின்றன. பயனர்கள் அளந்து கொடுத்தவை அவை. சில லென்ஸ்களுக்கு வளைவு மட்டும் இருக்கும், மூலை இருட்டு அளவு இருக்காது.

படங்களிலிருந்து முப்பரிமாண உருவமோ வரைபடமோ செய்பவர்கள் வளைவுத் திருத்தத்தைத் தொடவே வேண்டாம். அந்த மென்பொருள்கள் லென்ஸின் வளைவைப் படங்களிலிருந்து தாமே கணித்துக்கொள்கின்றன. முன்கூட்டியே நேராக்கி, விளிம்பை வெட்டிக் கொடுத்தால் கணிப்பு தடுமாறும்.

எந்தப் புரொஃபைலும் தொட முடியாத குறை ஒன்று உண்டு: லென்ஸின் உள்ளே ஒரு கண்ணாடி அச்சு விலகியிருப்பது. தொலைவில் இருக்கிற விவரம் நிறைந்த காட்சி ஒன்றை, முக்காலியில் வைத்து, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து எடுங்கள். பிறகு கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே காட்சியை இன்னொரு முறை எடுங்கள். நான்கு மூலைகளையும் 100 சதவீதத்தில் ஒப்பிடுங்கள். இரண்டு படத்திலும் சட்டகத்தின் அதே மூலை மட்டும் மங்கலாக இருந்தால், காட்சி காரணமல்ல. உத்தரவாதக் காலம் முடிவதற்குள் லென்ஸைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிடுங்கள்.