வாடிய பெட்டூனியாவை எங்கே கிள்ள வேண்டும்?

பெட்டூனியா வளர்ப்பவர்கள் வாடிய பூக்களைத் தவறாமல் கிள்ளி எடுக்கிறார்கள். ஆனால் பல நேரம் கையோடு வருவது வதங்கிய இதழ் மட்டும்தான். அதனால் பார்வைக்குத் தொட்டி சுத்தமாகும், பூப்பது அதிகமாகாது.

இதழ் இருந்த இடத்தில் பச்சைப் புல்லிகளை விலக்கிப் பாருங்கள். நடுவே கூம்பாக ஒரு சின்ன முடிச்சு தெரியும். அதுதான் சூலகம். மகரந்தம் சேர்ந்ததும் பூவிலிருந்து எத்திலின் வாயு அதிகமாக வெளிப்படும். வாழைப்பழத்தைப் பழுக்கவைக்கும் அதே வாயுதான் இங்கே இதழை ஓரிரு நாளில் சுருங்கவைக்கிறது. பூச்சியை அழைத்தாயிற்று, இனி இதழ் எதற்கு? அப்புறம் அந்த முடிச்சு காயாகி, உள்ளே பொடிப்பொடியாக ஏராளமான விதைகள் திரளும். இலைகள் தயாரிக்கும் சர்க்கரை அங்கே திரும்ப, புது மொக்குகளுக்குக் கிடைப்பது குறையும். ஆகவே முடிச்சும் சேர்ந்து வரும்படி காம்போடு கிள்ளுங்கள். விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் பயப்பட வேண்டாம். இலையிலும் தண்டிலும் உள்ள சுரப்பி மயிர்களின் வேலை அது.

இதைச் சரியாகச் செய்தும் சில செடிகள் நீண்டு தொங்கி, நுனியில் மட்டும் பூக்கும். காரணம் ஆக்சின். நுனிமொட்டில் உருவாகும் இந்த ஹார்மோன் தண்டு வழியே கீழே இறங்கி, கணுக்களில் உள்ள பக்கமொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியை வெட்டினால் அந்தத் தடை நீங்கிவிடும். கணுவுக்குக் கணு கிளை வரும், ஒவ்வொரு கிளையிலும் பூ வரும். தண்டில் மூன்றில் ஒரு பங்கை, ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டலாம். எல்லாத் தண்டையும் ஒரே நாளில் வெட்டாமல், வாரத்துக்குச் சிலவாக வெட்டுவதே என் விருப்பம். செடி பூவே இல்லாமல் நிற்காது. சாமந்தி, ஜினியா போன்றவையும் நுனி கிள்ளினால் இப்படித்தான் புதராகும்.

விதை பிடிக்காத புது ரகங்களில் பூ கிள்ளும் வேலையே இல்லை, தண்டை வெட்டினால் போதும்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் மட்டும் கத்தரியைக் கீழே வையுங்கள். அது பெரும்பாலும் இரும்புக் குறை. மண்ணின் கார அமிலத்தன்மை (pH) 6.5-ஐத் தாண்டினால், மண்ணில் இரும்பு இருந்தாலும் பெட்டூனியா வேரால் அதைச் சரியாக எடுக்க முடியாது. அதை 5.5-க்கும் 6-க்கும் இடையே வைத்திருந்தால் புதுத் தளிர் பச்சையாகவே வரும்.