பி.எட். கனவோடு எகனாமிக்ஸ் எடுப்பவர்கள் கவனத்துக்கு

இந்த ஆண்டும் ஒரு மாணவி வந்து நின்றாள். தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளை. பி.ஏ. பொருளியலில் நல்ல மதிப்பெண். டீச்சர் ஆவதுதான் சின்ன வயதிலிருந்தே ஆசை. பி.எட். விண்ணப்பம் போடப் போன இடத்தில்தான், பொருளியல்காரர்கள் எம்.ஏ. முடித்திருந்தால் மட்டுமே சேர முடியும் என்று சொல்லியிருக்கிறார்கள். "அஞ்சு வருசத்துல டீச்சர் ஆயிருவேன்னு வீட்டுல சொல்லி வச்சிருந்தேன் சார்" என்றாள். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இன்னும் இரண்டு வருடச் செலவை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. மேல்நிலை வகுப்புக்குப் பொருளியல் நடத்துகிறவன் நான். கோடைக்குக் கோடை இதையே கேட்டுக்கேட்டு ஆற்றாமையாக இருக்கிறது.

"ஏதாவது ஒரு டிகிரி இருக்கட்டும் சார், பின்னாடி பி.எட். போட்டுக்கிறலாம்." பாம்பனிலிருந்து தொண்டி வரை எந்த வீட்டில் கேட்டாலும் இந்தப் பேச்சுதான். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். பி.எட். எந்த டிகிரிக்கு மேலும் ஒட்டிக்கொள்கிற படிப்பு இல்லை. பள்ளியில் நீங்கள் எந்தப் பாடத்தை நடத்தப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் அதில் இடம் தருகிறார்கள்.

தமிழ்நாட்டில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை இடைநிலை ஆசிரியர்கள். அவர்களுக்கு வேண்டியது தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு. ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர்கள்: தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு, புவியியல். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு முதுகலை ஆசிரியர்கள். பொருளியலும் வணிகவியலும் தனிப்பாடமாக வருவது இந்தக் கடைசிப் படியில்தான். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் பொருளியல் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. அதை நடத்துகிறவர் வரலாறோ புவியியலோ படித்த பட்டதாரி ஆசிரியர். ஆக, பி.ஏ. பொருளியலோடு நிற்கிறவருக்குக் கீழ்வகுப்பில் பணியிடமே கிடையாது. பி.எட். சேர்க்கையில் எம்.ஏ. கேட்பது இதனால்தான். யாரும் உங்கள் பிள்ளையை வேண்டுமென்று திருப்பி அனுப்பவில்லை.

சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டிய குடும்ப நிலையா? பள்ளி ஆசிரியர் வேலைதான் வேண்டுமா? அப்படியென்றால் தமிழோ கணிதமோ வரலாறோ எடுங்கள். மூன்று ஆண்டுப் பட்டம், இரண்டு ஆண்டு பி.எட்., அதற்குமேல் ஆசிரியர் தகுதித் தேர்வு. பொருளியல்தான் பிடிக்கும் என்றால் தாராளமாக வாருங்கள், ஆனால் ஏழு ஆண்டுக் கணக்கோடு வாருங்கள். இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்கட்டும். பி.ஏ. வரலாறு, எம்.ஏ. பொருளியல் என்று மாற்றிப் படித்துவிட்டு முதுகலை ஆசிரியர் தேர்வு நேரத்தில் கலங்கி நிற்கிறவர்கள் தனிக்கூட்டமாக இருக்கிறார்கள். பட்டத்தின் பெயர் கொஞ்சம் புதுமையாக இருந்தாலும், அது பொருளியலுக்கு இணையானது என்று அரசாணை உண்டா என்று சேருமுன்பே பாருங்கள்.

கணக்கு வராது, அதனால் எகனாமிக்ஸ் என்று வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்லூரியில் புள்ளியியலும் கணித முறைகளும் காத்திருக்கின்றன. பயப்பட வேண்டாம், உழைத்தால் வரும். ஏலத்தில் மீன் விலை ஏறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் சட்டென்று பிடிபடுவதை வகுப்பில் கண்டிருக்கிறேன். ஆர்வமுள்ளவர்கள் யூ.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வையும் மனதில் வையுங்கள். அதற்கும் முதுகலை வேண்டும்.

டிஜிட்டல் மீடியா, விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கேட்டு வருகிறவர்கள் இப்போது நிறைய. நல்ல படிப்பு. கேமரா, எடிட்டிங், ஒலிப்பதிவு, விளம்பரம் என்று கையால் செய்து கற்க வேண்டியது. யூடியூப் சேனல் தொடங்க மூன்று ஆண்டுப் பட்டம் தேவையில்லை. பட்டம் படிப்பதென்றால் கல்லூரிக்கு நேரில் போய் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை கேமரா, எத்தனை எடிட்டிங் கம்ப்யூட்டர், போன வருட மாணவர்கள் என்ன எடுத்தார்கள்? காட்டத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள். இந்தப் பட்டத்தை வைத்து பி.எட். சேர முடியாது. அங்கீகாரம் பெற்ற பட்டமாக இருந்தால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 எழுதலாம்.

அங்கீகாரம் என்ற இடத்தில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். நம் இராமநாதபுரம் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரி என்றால் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கடைமாடியில் ஒரு போர்டை மாட்டிக்கொண்டு, வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகத்தின் 'ஸ்டடி சென்டர்' என்பார்கள். மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு வெளியே இப்படிக் கிளை நடத்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதியில் இடமில்லை. பி.எட். என்றால் அந்தக் கல்லூரிக்கு என்.சி.டி.இ. என்ற தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் உண்டு. ஊர்பேர் தெரியாத சென்டரில் சேர்ந்தால் அதையும் இழப்பீர்கள்.

சேர்க்கை வருகிற நேரம்தான் நமக்கு மோசமான நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில். கையில் காசு இல்லாத அந்த நாட்களில்தான் ஏஜென்ட் வந்து, "இன்னைக்கு முன்பணம் கட்டலைன்னா சீட் போயிரும்" என்பார். வட்டிக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள் அம்மா. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இணையத்தில் ஒரே விண்ணப்பம்தான். இராமநாதபுரம் சேதுபதி கல்லூரி, இராமேசுவரம் அப்துல் கலாம் கல்லூரி இரண்டையும் அதிலேயே தேர்வு செய்யலாம். விண்ணப்பம் போடத் தெரியாவிட்டால் உங்கள் பிள்ளை படித்த பள்ளிக்கு வாருங்கள், போட்டுத் தருகிறோம்.

ஏற்கெனவே வேறெங்கோ பணம் கட்டிவிட்டீர்களா? 2018இல் யு.ஜி.சி. வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் கட்டணத்தை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். செயலாக்கக் கட்டணம் என்று பிடிப்பது 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதுவும் அதிகபட்சம் 5,000 ரூபாய். அசல் மதிப்பெண் சான்றையும் மாற்றுச் சான்றிதழையும் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. அசலைக் காட்டிச் சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். தர மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.