எபிலாக்: ‘முற்றும்’ போட்ட பிறகு வருவதற்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பில் கை பழகிக்கொண்டிருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: “அண்ணே, எபிலாக்குக்கு முடிவுரைன்னு போட்டுட்டேன், சரிதானே?” சரி என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் எபிலாக் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஹாரி பாட்டரின் ஏழாவது புத்தகம் ஞாபகத்துக்கு வந்துவிடும், அது வந்துவிட்டால் வாயை மூட முடியாது. அவனிடம் அரைமணி நேரம் பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

2007 ஜூலை 21 நள்ளிரவில் அந்தக் கடைசிப் புத்தகம் வெளியானது. அமெரிக்காவில் மட்டும் முதல் 24 மணி நேரத்தில் 83 லட்சம் பிரதிகள் விற்றன. முதல் புத்தகம் 1997இல் வந்தபோது பதினொரு வயதாக இருந்த பிள்ளைக்கு இப்போது இருபத்தொன்று. அப்படிப்பட்ட கூட்டம் விடிய விடியப் படித்து, மந்திரப் பள்ளியான ஹாக்வர்ட்ஸில் நடக்கும் போரில் பிரெட் செத்ததற்கு அழுது, லூபினும் டாங்க்ஸும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்து இன்னொரு முறை அழுது, வில்லன் வோல்டமோர்ட் விழுந்ததும் மூச்சு விட்டு, 36ஆம் அத்தியாயத்தை முடித்துப் பக்கத்தைப் புரட்டினால், ‘பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று ஒரு சின்னப் பகுதி. கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையம், செப்டம்பர் 1, பள்ளிக்கூடம் திறக்கும் நாள். ஹாரிக்கும் ஜின்னிக்கும் மூன்று பிள்ளைகள், ரானுக்கும் ஹெர்மயனிக்கும் இரண்டு, கொஞ்சம் தள்ளி முன்நெற்றி ஏறிய டிராக்கோ தன் பையனோடு நின்று தலையை மட்டும் அசைக்கிறான், நெவில் மூலிகைப் பாட வாத்தியார் ஆகியிருக்கிறான். ஹாரியின் நெற்றித் தழும்பு பத்தொன்பது வருடமாக வலிக்கவில்லை. எல்லாம் நலமாக இருந்தது. அவ்வளவுதான், ஏழு புத்தகமும் முடிந்தது.

இந்தச் சில பக்கங்களுக்கு வாங்கிய திட்டு இருக்கிறதே, முந்தைய அறுநூறு பக்கத்துக்கும் சேர்த்து அவ்வளவு விழுந்திருக்காது. பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒரு பக்கம்: ஜேம்ஸ், லில்லி, ஆல்பஸ் செவரஸ். செத்தவர்கள் பெயரையெல்லாம் ரேஷன் கார்டில் மறுபடி ஏற்றியது மாதிரி, அதிலும் ஆறு வருடம் தன்னைக் கரித்துக்கொட்டிய வாத்தியாரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பானா ஒருவன் என்று. ஜின்னி செத்துப்போன தன் அண்ணன் பிரெட்டின் பெயரை ஒரு பிள்ளைக்குக்கூட வைக்கவில்லையே, அவளை யாருமே கேட்கவில்லையா என்று இன்னொரு பக்கம். யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், எத்தனை பிள்ளை என்பது தெரிகிறது, ஆனால் ஹாரி என்ன வேலை பார்க்கிறான், கூடப் பிறந்த இரட்டையன் பிரெட்டை இழந்த ஜார்ஜ் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி இல்லை. அதையெல்லாம் ஆசிரியர் ரௌலிங் பிறகு பேட்டிகளில் வாயால் சொல்லி நிரப்பினார், அதற்கும் திட்டு வாங்கினார், அது வேறு கதை.

இதிலிருந்து பிறந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு அடையாளச் சொல். ரசிகர்கள் தாங்களே எழுதும் கதைகளின் தலையில் ஆங்கிலத்தில் மூன்றெழுத்து போட்டுவைப்பார்கள். விரித்தால், “எபிலாக்கா? எந்த எபிலாக்?” என்று அர்த்தம். ஏழு புத்தகத்தையும் நாங்கள் ஒப்புக்கொள்கிறோம், செத்தவர்கள் செத்தவர்களே, ஆனால் அந்தக் கடைசிச் சில பக்கங்கள் நடக்கவே இல்லை, அதற்கு அந்தப் பக்கம் என்ன ஆனது என்பதை நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்ற அறிவிப்பு அது. யோசித்துப் பார்த்தால் விசித்திரம்தான். ஒரு நாவலின் நடுவில் இருக்கும் அத்தியாயத்தை இப்படிக் கழற்றி வைக்க முடியாது. எபிலாக்கை மட்டும் முடிகிறது. ஏன் முடிகிறது என்பதற்குச் சொல்லின் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும்.

கிரேக்கத்தில் ‘எபிலோகோஸ்’. ‘எபி’ என்றால் மேல், கூடுதலாக. ‘லோகோஸ்’ என்றால் சொல், பேச்சு. ஆக, பேசி முடித்ததற்கு மேல் ஒரு பேச்சு. அது கதைக்காரர்களின் சொல் இல்லை, மேடையிலும் வழக்கு மன்றத்திலும் பேசுபவர்களின் சொல். அரிஸ்டாட்டில் தன் ‘ரெட்டரிக்’ நூலில் உரையின் கடைசிப் பகுதியை இப்படித்தான் அழைக்கிறார், அதற்கு நான்கு வேலை சொல்கிறார்: கேட்பவரை நம் பக்கம் சாய்ப்பது, சொன்னதைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ காட்டுவது, உணர்ச்சியைக் கிளறுவது, சொன்னதை நினைவூட்டுவது. அந்த நூலையே அவர் அப்படி ஒரு மாதிரியோடுதான் முடிக்கிறார்: சொன்னேன், கேட்டீர்கள், விஷயம் உங்கள் கையில், தீர்ப்பு சொல்லுங்கள்.

லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் நாடக மேடையில் ஏறிக்கொண்டது. நாடகம் முடிந்ததும் ஒரு நடிகர் முன்னால் வந்து கூட்டத்தைப் பார்த்து நேராகப் பேசிக் கைதட்டு கேட்பார், அதுதான் எபிலாக். ஷேக்ஸ்பியரின் ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில் ரோசலிண்ட் அப்படி வந்து நின்று, நல்ல நாடகத்துக்கு எபிலாக் தேவையில்லை என்று எபிலாக்கிலேயே சொல்கிறாள். (ஹாரி பாட்டர் வாசகர்கள் இதைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டது ஆச்சரியம்.) அப்புறம் நாவல் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது கூட்டத்தைப் பார்த்துப் பேசுவது மெல்ல உதிர்ந்துபோய், ‘பிற்பாடு என்ன ஆனது’ என்பது மட்டும் நின்றது. ஆனால் பழைய வாசனை முழுக்கப் போகவில்லை. கதை ஓடிக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் தெரிவதில்லை, எபிலாக்கில் மட்டும் அவர் திரைக்கு முன்னால் வந்து நிற்பது போல ஒரு உணர்வு வருகிறது. மேலே சொன்ன வாசகர்கள் கழற்றி வைத்தது கதையின் துண்டை இல்லை, ரௌலிங்கின் பேச்சை. நாடகம் பார்த்தவன் கைதட்டுக் கேட்கும் பேச்சுக்கு உட்காராமல் எழுந்து போவது மாதிரிதான் இது.

சரி, தமிழுக்கு வருவோம். தம்பி போட்ட ‘முடிவுரை’ அரிஸ்டாட்டிலுக்குப் பொருந்தும், நாவலுக்குப் பொருந்தாது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பள்ளிக்கூடக் கட்டுரையில் கோடு போட்டு எழுதிய கை நமக்கு. அந்த முடிவுரையில் புதிதாக எதுவும் நடக்காது, சொன்னதையே சுருக்கிச் சொல்வோம். ‘நிறைவுரை’ கூட்டத்துக்குப் போய்விட்டது, நன்றியுரைக்கு முன்னால் யாராவது ஆற்றுவார்கள். ‘பின்னுரை’ என்பது ஆசிரியரோ வேறொருவரோ நூலைப் பற்றி வெளியிலிருந்து பேசுவது. ‘பிற்சேர்க்கை’ அட்டவணைக்கும் வரைபடத்துக்கும்.

நம் இலக்கணக்காரர்களிடம் போனால் ஒரு வேடிக்கை. நூலின் முன்னால் வைப்பதற்கு நன்னூல் பெயரை அள்ளித் தருகிறது: முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை, பாயிரம். எட்டு! ஆயிரம் முகமாக விரிந்தாலும் பாயிரம் இல்லாதது நூலே இல்லை என்றும் அடித்துச் சொல்கிறது. கடைசியில் வைப்பதற்கு இப்படி ஒரு பட்டியல் அங்கே கிடையாது. அதற்காக நம்மவர்கள் கடைசியில் எதுவும் வைக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். சிலப்பதிகாரத்தில் வழக்கும் தீர்ந்து, மதுரையும் எரிந்து, சேரன் கல்லும் கொண்டுவந்த பிறகு வரும் வரந்தரு காதை கிட்டத்தட்ட எபிலாக்தான், இளங்கோவே அதில் தன்மையில் பேசுகிறார், கேட்பவர்களை விளித்து அறமும் சொல்கிறார். அதன் பிறகும் ‘நூற்கட்டுரை’ என்று ஒன்று இருக்கிறது. அதைவிடப் பெரிய கூத்து உரைபெறு கட்டுரை. கண்ணகி கதை முடிந்த பிறகு பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலி கொடுத்தான், இலங்கையில் கயவாகு கோயில் எடுத்தான் என்று எல்லாமே ‘பிறகு நடந்தது’. ஆனால் அது நூலின் தொடக்கத்தில், முதல் காதைக்கும் முன்னால் இருக்கிறது! எபிலாக்கை வாசலிலேயே கட்டிவைத்த ஒரே பெரிய காப்பியம் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

அப்புறம் ராமாயணத்தின் உத்தர காண்டம். ‘உத்தர’ என்றால் பின்னால் வருவது, ஆகவே எபிலாக் என்பதன் அச்சு அசலான வடமொழி இணை. கம்பர் முடிசூட்டிவைத்து, வந்தவர்களுக்கு விடை கொடுத்த படலத்தோடு நிறுத்திக்கொண்டார். தமிழில் இருக்கும் உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடியதாகச் சொல்கிறது மரபு. வால்மீகியிலேயே அது பிற்காலச் சேர்க்கை என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. சீதையைக் காட்டுக்கு அனுப்பும் அந்தப் பகுதியைப் படிக்கவே மாட்டேன் என்று பட்டாபிஷேகத்தோடு புத்தகத்தை மூடுகிறவர்கள் இன்றும் எத்தனை பேர்! “எந்த எபிலாக்?” என்ற கேள்வியை இவர்கள் எப்போதோ கேட்டுவிட்டார்கள், காரணம்தான் நேர் எதிர். இவர்களுக்கு உத்தர காண்டம் நல்லபடி முடிந்த கதையில் துக்கத்தைக் கொண்டுவருகிறது என்று கோபம். ஹாரி பாட்டர்க்காரர்களுக்கோ துக்கம் ஆறுவதற்கு முன்பே ‘சுபம்’ அட்டை போட்டுவிட்டார்கள் என்று கோபம். நம் பழைய படங்களின் அந்த அட்டைக்கும், “எல்லாம் நலமாக இருந்தது” என்ற வரிக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த எபிலாக் பிடிக்கும். அப்பா அம்மா இல்லாத ஒரு பையன் பதினொரு வயதில் அதே நிலையத்தில் நடைமேடை எங்கே என்று தெரியாமல் தள்ளுவண்டியோடு தனியாக முழித்தான், இப்போது தன் பையனை வழியனுப்ப அங்கேயே வந்து நிற்கிறான். மனதின் ஆசையைக் காட்டும் கண்ணாடியில் அவன் பார்த்தது குடும்பத்தைத்தான், பட்டத்தையும் பதவியையும் இல்லை. அதனால் வேலை பற்றி ஒரு வரியும் இல்லாதது எனக்குக் குறையாகப் படவில்லை. குறை, பிரெட்டின் பிணம் ஆறுவதற்குள் பத்தொன்பது வருடத்தைத் தாண்டியது. நடுவில் ஒரு காரியம், ஒரு பதினாறாம் நாள் மாதிரி ஏதாவது இருந்திருந்தால் இத்தனை பேர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கோபித்தவர்களும் முழுக்க விட்டுப்போனார்களா என்ன, கதைக் கணக்குப்படி அந்தச் செப்டம்பர் 1 வருவது 2017இல், அன்றைக்குக் கிங்ஸ் கிராஸில் ஒரு பெரிய கூட்டமே நின்றது.

ஆக எபிலாக் கதையும்தான், ஆசிரியரின் பேச்சும்தான். ஆனால் அச்சில் இருப்பது கதை, எனவே தமிழ்ச் சொல் ‘உரை’யில் முடியக் கூடாது, ‘கதை’யில் முடிய வேண்டும். ‘பின்கதை’ என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல சொல், ஒரே ஒரு சிக்கல். தமிழில் ‘பின்’ இடத்தையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். பாத்திரத்தின் பழைய வாழ்க்கையை, ஆங்கிலத்தில் பேக்ஸ்டோரி என்கிறார்களே அதை, வார்த்தைக்கு வார்த்தை மாற்றி ‘பின்கதை’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் ‘முன்கதைச் சுருக்கம்’ படித்து வளர்ந்த நமக்கு அது முன்கதை என்று தெரியும், ஆனாலும் குழப்பம் குழப்பம்தான்.

இங்கே நம் காது ஒரு உதவி செய்கிறது. பின்கதவு, பின்கட்டு, பின்பக்கம் என்று இடத்தைச் சொல்லும்போது ‘பின்’ அப்படியே நிற்கிறது. பிற்காலம், பிற்பகல், பிற்பாடு என்று காலத்தைச் சொல்லும்போது ‘பிற்’ ஆகிவிடுகிறது. விதி என்று சொல்ல மாட்டேன், பின்பனி என்று மீறுவதும் உண்டு. ஆனால் போக்கு இதுதான். அதனால் என் ஓட்டு ‘பிற்கதை’க்கு. முன்கதை என்பதோடு ஜோடி சேர்த்தால் ஒன்றில் ‘ன்’, ஒன்றில் ‘ற்’ என்று கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

தம்பிக்குத் திருப்தியில்லை. முடிவுரைன்னா எல்லாருக்கும் புரியுமே அண்ணே என்றான். சரி, அந்த ரசிகர்களின் கேள்வியில் போட்டுப் பார் என்றேன். “முடிவுரையா? எந்த முடிவுரை?” என்றான், சொல்லிவிட்டு அவனே சிரித்தான், பரீட்சையில் கடைசிப் பத்தியை எழுத மறந்த பையன் முழிப்பது போல இருந்தது. பிறகு, “பிற்கதையா? எந்தப் பிற்கதை?” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, கோப்பைத் திறந்து மாற்ற ஆரம்பித்தான்.