துணிப்பூ செய்யும்போது சூடு தெரியலையா? கையைக் கொஞ்சம் பாருங்க

நான் தென்னாப்பிரிக்கால டர்பன் ஊர்ல ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைய திரும்ப செய்ய பயிற்சி குடுக்கிறவ, அதிகமா கை சம்பந்தப்பட்ட கேஸ்தான் பாக்குறேன். சாட்ஸ்வொர்த்ல எங்க வீட்டுக்குப் பக்கத்து ஹால்ல சனிக்கிழமை தோறும் பொம்பளைங்க கூடி துணிப்பூ செய்வாங்க, சாமி படத்துக்கு மாலை, வாசலுக்கு தோரணம், கல்யாணத்துக்கு தலைப்பூன்னு. ரோஜா செய்யக் கத்துக்கலாம்னுதான் நானும் போனேன்.

சாட்டின் துணிய வட்டமா வெட்டி மெழுகுவர்த்தி சுடர் பக்கத்துல ஓரத்தக் காட்டினா (லோட் ஷெட்டிங், அதான் கரண்ட் கட்டுக்கு வாங்கி வச்ச மெழுகுவர்த்தி இன்னும் எல்லார் வீட்லயும் கிடக்கே) அது அப்படியே சுருண்டு இதழ் மாதிரி குழிஞ்சு வரும், பாக்கவே அழகு. எதிர்ல உக்காந்திருந்த அம்மா அந்த இதழ பசைய உருக்கி விடற க்ளூ கன்னால ஒட்டி ஆள்காட்டி விரலால அமுக்கினாங்க, பசை நகத்துக்கு மேல வழிஞ்சு நின்னுச்சு, அவங்க பேச்சக்கூட நிறுத்தல. சுடலையாம்மான்னு கேட்டேன். "பழகிப்போச்சும்மா"ன்னாங்க. கையத் திருப்பிப் பாத்தா விரல் நுனியில ரெண்டு கொப்புளம், ஒண்ணு உடைஞ்சு சுத்தி சிவந்திருக்கு.

சூடு யாருக்கும் அப்படி பழகிடாதுங்க. சூடு கம்மின்னு விக்கிற க்ளூ கன்லயே பசை சுமார் 120 டிகிரி, மத்தது 190 பக்கம் போகும். அது விரல்ல பட்டும் தெரியலன்னா நரம்பு சேதி கொண்டுபோகலன்னு அர்த்தம்.

அவங்களுக்கு ரொம்ப வருஷமா சர்க்கரை. அதுக்கு முன்னாடி க்ளோத்திங் ஃபேக்டரில மெஷின்ல உக்காந்த கை, இங்க நம்ம அம்மாக்கள் எத்தன பேர் அந்த வேலைதான பாத்தாங்க. ராத்திரி கை மரத்து முழிப்பு வருமா, உதறினா சரியாகுமான்னு கேட்டதும் "ஆமா, வயசாச்சுல்ல"ன்னாங்க. கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மரக்குது, சுண்டு விரல் நல்லா இருக்கு. இதுதான் கார்பல் டனல், மணிக்கட்டுல நடு நரம்பு நெருக்குப்படறது, சர்க்கரை இருக்கவங்களுக்கு அதிகமா வரும். சர்க்கரையால நரம்பு கெடறது பெரும்பாலும் கால்லதான் ஆரம்பிக்கும், அதனால காலு நல்லா இருந்து கை மட்டும் மரத்தா மணிக்கட்டையும் பாக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. கட்டை விரலுக்கு அடியில இருக்க சதை வத்திப் போயிருந்தா தள்ளிப் போடவே போடாதீங்க, அது லேட்டாகிட்டு இருக்குன்னு அர்த்தம்.

சுட்டுக்கிட்டா மோதிரத்தக் கழட்டிட்டு குழாய்த் தண்ணிய மெதுவா 20 நிமிஷம் விடுங்க, ஐஸ், டூத்பேஸ்ட், நெய் எதுவும் வேணாம். உடனே விடலன்னாலும் மூணு மணி நேரத்துக்குள்ள விட்டா பலன் இருக்கு. ஒட்டின பசைய பிச்சு எடுக்காதீங்க, தோலும் கூட வந்துடும். சர்க்கரை இருந்தா சின்ன கொப்புளத்தையும் க்ளினிக்ல காட்டிடுங்க, ஆற நாளாகும், சீழ் பிடிக்கும். சிந்தெடிக் துணி உருகிச் சொட்டும், அதனால மெழுகுவர்த்தி ஏத்தினா முந்தானைய சொருகிக்கிட்டு பக்கத்துல ஒரு பாத்திரம் தண்ணி வச்சுக்கோங்க.

விரல் மரக்கிறவங்க பூவ விட வேணாம், சூட்ட விட்டா போதும். காட்டன் துணிய வட்டமா வெட்டி ஓரத்துல நூலோட்டி சுருக்கி இழுத்தாலே பூ வந்துடும். ஜப்பான்ல ட்சுமாமின்னு ஒரு முறை, சின்னச் சின்ன சதுரத் துணிய இடுக்கியால மடிச்சு அரிசிப் பசைல ஒட்டுவாங்க, நெருப்பே வேணாம். இடுக்கிய மட்டும் இறுக்கிப் பிடிக்காதீங்க, விரல் நுனியில ஒரு கிலோ அழுத்தம் குடுத்தா கட்டை விரல் அடி மூட்டுல பத்து மடங்குக்கு மேல விழும். அரை மணிக்கு ஒரு தடவ கைய விரிச்சு விடுங்க.

அந்த அம்மாவுக்கு மணிக்கட்ட நேரா வைக்கிற ஸ்ப்ளின்ட் போட்டு ராத்திரி தூங்கச் சொன்னேன், நரம்பு டெஸ்ட்டுக்கு டாக்டர் லெட்டர் குடுத்துட்டாரு. போன வாரம் காலைல போன் பண்ணாங்க, ராத்திரி ஒரே தடவதான் முழிச்சேன்மான்னு.